பால்மாப் பேணியோடு வந்தவன்

பால்மாத் தகரப் பேணி ஒன்று. மூடியில் துளை போட்டு, அதற்குள்ளிருந்து சிவப்பும் கறுப்புமாய் வயர்கள்... கல்முனைப் பட்டினத்தில், அதுவும் சண்டை நடந்த தொண்ணூற்றாறாம் ஆண்டில், இப்படியொரு சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் எந்தப் பெண்தான் சிரித்து வரவேற்பாள்? வாப்பாவின் றேடியோ திருத்தும் கடையில் ஈயம் வைத்து வயர் ஒட்டிக்கொண்டிருந்த ஜெஸீமா, குண்டோ என்று எழும்பியே விட்டாள்.

வந்தவனுக்கு அது விளங்கவேயில்லை. பெயர் அப்துல் ஸமட்டாம், மருதமுனையாம், தறி நெய்கிறானாம். பழைய றேடியோ வால்வு ஒன்றை வைத்துத் தானே ஒரு மைக் செய்திருக்கிறானாம். பேணிக்குள் இருப்பது அதற்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையாம். கவி பாடிக் கெசட் நாடாவில் பதியப் போனால் பொரிகிற சத்தம்தான் வருகிறதாம். இமையில் மழைத்துளி நின்ற அந்தக் கண்களைப் பார்த்தால் பொய்க்காரன் மாதிரித் தெரியவில்லை... அதுதான் அவளுக்கு இன்னும் சந்தேகமாயிருந்தது.

சந்தேகப்படாமல் என்ன செய்வாள்? போன வருடம் யாரோ திருத்தக் கொடுத்துவிட்டுப் போன வோக்கிடோக்கி ஒன்றுக்காக, வாப்பாவை ஆமிக்காரர் காம்பில் ஒரு பகல் முழுக்க வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை பிடித்தால் விடுவார்களா? கடையும் போய்விடும், வாப்பாவும்...

வாப்பாவோ இளகின மனசுக்காரர். பாவம், பார்த்துக் கொடு மகள் என்றுவிட்டார். மைக்கைத் திறந்தவளுக்குச் சிரிப்பு முட்டியது, அடக்கிக்கொண்டாள். எச்சில் படாமலிருக்க உள்ளே மெல்லிய துணி கட்டியிருந்தான். உம்மாவின் கலியாணச் சாரித் துண்டாம். அசல் வெள்ளிச் சரிகை! கரண்ட் அதில் ஏறிப் பொரியாமல் என்ன செய்யும்? நெசவு ஊர்க்காரனைத் தவிர வேறு யார் இந்தக் கூத்தைச் செய்வார்கள்? துணியை உருவியதும் பொரிச்சல் நின்றது.

அடுத்த கிழமை, மைக் இரைகிறதென்று வந்தான். பேணிக்குள் கண்டன்சர் ஒன்று காய்ந்துபோயிருந்தது, மாற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த கிழமையும் வந்து நின்றான்... இப்போது சத்தமே இல்லையாம். ஏன் கடையை இப்படிச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்? வாப்பா தொழப் போகிற நேரமாய்ப் பார்த்து ஏன் வருகிறான்? உளவு பார்க்க யாரோ அனுப்பியிருக்கிறார்கள்... பேணியைத் திறந்தவள் திகைத்துப்போனாள். ஈயமெல்லாம் நல்லபடி இருந்தது. வயரைத்தான் யாரோ கத்தரியால் வெட்டியிருந்தார்கள்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"இது தானா அறுந்ததில்ல. நீங்க வெட்டின. ஆரு உங்கள அனுப்பின?"

ஒருவரும் அனுப்பவில்லை என்றான். அவள் நம்பவில்லை. காம்புக் கதையைச் சொல்லி, வாப்பாவின் உயிரோடு விளையாடவேண்டாம் என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஸமட்டுக்கு முகம் கறுத்தது. தன்னை உளவாளி என்கிறாளே என்ற ரோசத்தில் விறுக்கென்று மழைக்குள் இறங்கினான். நாலடி போனவன் நின்றான். அவள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஓம், நான்தான் வெட்டின. மைக் சரியாகிட்டா இஞ்ச வர எனக்கு என்ன சாட்டு இரிக்கி? காம்புக் கதை எனக்குத் தெரியா... தெரிஞ்சா வெட்டிரிக்க மாட்டன்." மேசையிலிருந்த பேணியைப் பார்த்துச் சொன்னான். "ஊர்ல எந்தப் புள்ளையோட கதைச்சாலும் தங்கச்சி என்டுதான் கூப்பிடுற. உங்கள ஒருக்காவாவது அப்பிடிக் கூப்பிட்டனா? யோசிச்சிப் பாருங்க."

ஜெஸீமா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், ஒருநாளும் கூப்பிடவில்லை. அட, இத்தனையைச் சந்தேகப்பட்டவள் இதையல்லவா முதலில் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்... காது மடல் சுட்டது. அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. முதல் நாளே பிடித்திருந்தது. அப்படிப் பிடித்துப்போன பயத்தில்தான் பாதிச் சந்தேகமும் வந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

வயரை ஒட்டி, பேணியை மூடி, அவனிடம் நீட்டினாள். இனி இதைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவேண்டாம் என்றாள். அவன் முகம் வாடிப்போயிற்று.

அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"எங்கட பக்கம் பொண்ணு வீட்டார்தானே மாப்புள கேட்டுப் போற... உங்கட வீடு எங்கெண்டு சொல்லுங்க. வாப்பாவ அனுப்புறன்."