ஹர்ஷிணியின் மாதிரி

டீப் ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த குப்பி, சைத்ராவின் கையுறைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. பக்கத்துக் குப்பிகளின்மேல் வெண்பனி படர்ந்திருக்க, இதில் மட்டும் வியர்வை போல ஈரம். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பால் திரிந்த புளித்த வாடை மெல்ல எழுந்து, ஏசியின் இரைச்சலோடு கலந்து, அவள் முகக்கவசத்துக்குள் புகுந்தது.

ஹர்ஷிணியின் மலமாதிரி அது. சத்தியமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் வாந்திபேதி பரவியபோது, கோயமுத்தூர் ஆய்வகத்திலிருந்து சைத்ராவே போய் எடுத்து வந்தது. மற்ற பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஹர்ஷிணி பிழைக்கவில்லை.

நோரோவைரஸ் என்று முதல் சோதனையிலேயே தெரிந்திருந்தது. எந்த வகை என்று உறுதிசெய்ய மரபணு வரிசையை இன்னொரு முறை எடுத்தாள். பழையதோடு அது பொருந்தவில்லை. சில எழுத்துகள் மாறியிருந்தன. தன் கைப்பிழை என்று திரும்பவும் செய்தாள். முந்தைய மாற்றங்கள் அப்படியே இருக்க, அவற்றின்மேல் புதியவை.

உறைந்த வைரஸ் மாறாது. பெருகினால்தான் மாறும். பெருக அதற்கு உயிருள்ள குடல் வேண்டும்.

எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாமலே ஹர்ஷிணியின் அம்மா மாசாணியம்மாளுக்கு போன் செய்தாள்.

"ஏனுங்க அக்கா, லேப்ல இருந்து சைத்ரா பேசறேனுங்க."

"நீங்களே கூப்பிட்டுட்டீங்களா அம்மணி?" குரல் தாழ்ந்தது. "பாப்பாவுக்கு இன்னும் பேதி நிக்கலீங்க. ஊட்டுல ஆரும் நம்ப மாட்டேங்கறாங்க. ஒருவாட்டி வந்து பாத்துபோட்டுப் போங்க."

பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தாள். மாசாணியம்மாள் உப்புச் சர்க்கரை கரைத்த தண்ணீர்ச் சொம்போடு தென்னைகளுக்கு அப்பால் நடந்தாள். சைத்ரா பின்னால் போனாள். மழை இல்லாமல் வெடித்துக் கிடந்த செம்மண். காலடியில் காய்ந்த மட்டைகள் நொறுங்கின. ஓரிடத்தில் மட்டும் ஈரம்.

சின்ன மேடு.

மாசாணியம்மாள் குனிந்து சொம்பைச் சாய்த்தாள்.

"கொஞ்சங் கொஞ்சமாக் குடி, கண்ணு."

மண் குடித்தது. மடக் மடக்கென்று. சைத்ராவுக்குக் கேட்டது.

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

மேடு மெல்ல உப்பியது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, வலியில் சுருளும் சின்ன வயிறு போல, உள்ளிழுத்து இறுகியது. வெடிப்பின் வழியே, குடித்த தண்ணீர் அத்தனையும் குபுக்கென்று வெளியே வந்தது.