அறுபதில் நின்ற முள்

அலமாரியின் மேல்தட்டில் கிடந்த பழைய ஸ்பீடாமீட்டரின் முள் பூஜ்யத்தில் இல்லை.

மீட்டர்காரர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் மூன்று மணிக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. தகரக் கூரையில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்குள் பெட்ரோல் வாசனையும் ஈரச் சாக்கு வாசனையும் கலந்து கிடந்தன. மேசை விளக்கின் கீழே ஒரு பழங்காரின் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பல்சக்கரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் தலைக்கு மேலே ஏதோ 'டிக்' என்றது. நிமிர்ந்து பார்த்தார். முள் இருபதில் நின்றது.

எலி தட்டிவிட்டிருக்கும் என்று நினைத்தார். ஆனால் எலி தட்டினால் முள் கீழே தொங்கத்தானே வேண்டும்? அந்த மீட்டருக்குள் ஒரு மண்ணும் கிடையாது. காந்தம், சுருள்வில், பற்கள் எல்லாவற்றையும் போன மாதமே கழற்றி எடுத்தாகிவிட்டது. கூடும், கறுப்பு முகமும், ஓடிய தூரம் காட்டும் எண் உருளைகளும்தான் மிச்சம். முள் தொலைந்து போகாமல் இருக்க நடுத்துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகி, அதன் நுனியில் மாட்டி வைத்திருந்தார்.

அதன் வயிற்றில் இருந்ததெல்லாம் இப்போது அவர் மகளின் காரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே மகள். காயலான் கடையில் துருப்பிடித்துக் கிடந்த காரை மூன்று வருஷம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து, போன வாரம்தான் சாவியை அவள் கையில் கொடுத்திருந்தார். அந்தக் காரின் மீட்டர் முகத்தில் ஒவ்வொரு எண்ணையும் தன் கையாலேயே வரைந்திருந்தார். அதன் பழைய இயந்திரம் தேய்ந்துபோயிருந்ததால், அலமாரி மீட்டரின் இயந்திரத்தை எடுத்து அதற்குள் பொருத்தினார். கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றைக்குத்தான் அவள் முதல் தடவையாக அந்தக் காரில் வெளியூர் போயிருந்தாள்.

"பொண்ணு கெளம்பிட்டாளா?" உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"வந்துக்கிட்டிருப்பா."

"ஒரு போன் போட்டுக் கேட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா? முள்ளோடயே குடும்பம் நடத்துங்க."

முள் இப்போது முப்பதில் இருந்தது. ஸ்டூலில் ஏறி மீட்டரை இறக்கினார். உள்ளங்கையில் அது நடுங்கியது, ஓடுகிற வண்டியின் டேஷ்போர்டில் கை வைத்தது போல. பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். வெறும் பொந்து. விரலை விட்டால் மறுபக்கத்து வெளிச்சம் மறைந்தது, அவ்வளவுதான். விரலைச் சுற்றி மட்டும் காற்று குளிர்ந்து ஓடியது.

அந்த மீட்டர் வந்த விதம் அவருக்கு ஞாபகம் வந்தது.

எட்டு மாதத்துக்கு முன்னால் குடையோடு ஒருவன் கொண்டுவந்தான். முகத்தில் அறுபதுக்குச் சற்று மேலே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. வண்டி எதன் மீதாவது வேகமாக மோதினால், அந்த அதிர்ச்சியில் முள் முகத்தில் போய் அறைகிறது. முள்ளில் பூசிய, இருட்டில் ஒளிரும் பச்சைப் பூச்சு அங்கே ஒட்டிக்கொள்கிறது. மோதிய நொடியில் என்ன வேகமோ அது அழியாமல் நின்றுவிடும்.

"இந்தக் கோடு மட்டும் இருக்கக் கூடாது," என்றான் வந்தவன். "முப்பதுலதான் வந்தேன்னு என் தம்பி போலீஸ்ல சொல்லியிருக்கான்."

மீட்டர்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, கறுப்புப் பெயின்ட் நோகாமல் துடைத்துக் கொடுத்தார். துடைப்பதுதானே நம் வேலை என்று தனக்கே சொல்லிக்கொண்டார். சாலையைக் கடந்த ஒரு பெண் அந்த வண்டியில் அடிபட்டு இறந்தாள் என்பது பிறகுதான் காதுக்கு வந்தது. அவருடைய மகள் வயதாம். வழக்கு முடிந்ததும் அதே ஆள் வந்து, "இனி இது எதுக்கு? நீங்களே வெச்சுக்குங்க," என்று மீட்டரை மேசையில் வைத்துவிட்டுப் போனான். நல்ல இயந்திரம், வீணாகப் போவானேன் என்று அவரும் எடுத்து வைத்தார். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்டதை அன்றைக்கு அவர் உணரவில்லை.

முள் சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்தது. உடனே மகளுக்கு போன் போட்டார்.

"சொல்லுங்கப்பா. ரயில்வே கேட்டுல நிக்கிறேன். இப்பத்தான் மூடினான்."

அவள் வண்டி நிற்க, முள்ளும் பூஜ்யத்தில். முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வண்டி எப்படி இருக்கு?"

"பறக்குதுப்பா! நாப்பதுதான் காட்டுது, ஆனா மரமெல்லாம் பின்னாடி ஓடுது. என்ன மாயம் பண்ணுனீங்க?" அவள் சிரித்தாள்.

தான் சரிசெய்த இஞ்சின் அல்லவா? பயத்துக்கு நடுவிலும் ஒரு துளி பெருமை வந்தது.

"மழை பெய்யுது கண்ணு. அறுபதைத் தாண்டாத. சத்தியம் பண்ணு."

"சரி, சத்தியமா. சரியா அறுபதுலயே வரேன், போதுமா? குவாரி வளைவு தாண்டிட்டா வீடுதானே. இதோ, கேட்டைத் தெறந்துட்டான்."

போனை வைத்தாள். முள் எழுந்தது.

பத்து. இருபது. நாற்பது. ஐம்பது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அறுபதுக்கு வந்ததும் முள் நின்றது. அசையாமல் நின்றது. சொன்ன சொல் கேட்கிற பிள்ளை என்று மனம் கொஞ்சம் ஆறியது. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டு மறுபடி குனிந்தபோது, முகத்தின் அடியில், எண் உருளைகளுக்குக் கீழே, பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது.

மைல்.

இது மைல் மீட்டர்.

மகளின் காருக்கு அவர் வரைந்த முகம் கிலோமீட்டர். மைலுக்கு ஓடும் இயந்திரத்தின் மேல் கிலோமீட்டர் முகத்தை ஒட்டிவிட்டார். முதல் நாள் வேலைக்கு வந்தவன்கூட முதலில் பார்ப்பது அதைத்தான். முப்பது வருஷக் கை. எண் எண்ணாக அழகு பார்த்து வரைந்த கை.

அவள் கண்ணுக்கு அறுபது கிலோமீட்டர். சாலையில் அறுபது மைல். கிட்டத்தட்ட நூறு. மழையில். குவாரி வளைவில்.

போனை எடுத்தார். எண் தவறியது. மறுபடி. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடும்மா. எடு. வேண்டாம், எடுக்காதே, கையை ஸ்டியரிங்கிலேயே வை. அவர் வைப்பதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"அப்—"

முள் முகத்தில் அறைந்தது.

பட்டென்ற சிறிய சத்தம். நகத்தால் சுண்டியது போல. போனில் ஒன்றும் இல்லை. முள் பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. அறுபதுக்குச் சற்று மேலே, எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் துடைத்த அதே இடத்தில், பச்சைக் கோடு.

ஈரமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றாரோ, அவருக்கே தெரியாது. கையிலிருந்த மீட்டர் மறுபடி 'டிக்' என்றது.

முள் அசையவில்லை. பூஜ்யத்திலேயே கிடந்தது. ஆனால் எண் உருளைகளில் கடைசி உருளை, மைலில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் வெள்ளை உருளை, மெல்லத் திரும்பி அடுத்த எண்ணுக்கு வந்தது.

டிக்.

வேகம் இல்லை. தூரம் மட்டும் ஏறியது.

டிக்.

குவாரி வளைவிலிருந்து பட்டறை வாசல் சரியாக நான்கு மைல். பழுது பார்த்த ஒவ்வொரு மீட்டரையும் அவர் அந்தச் சாலையில் ஓட்டித்தான் சரிபார்ப்பார். நான்கு மைலுக்கு நாற்பது டிக். எண்ணக் கூடாது என்று நினைத்தார். எண்ணினார். பதினொன்று. இருபத்திரண்டு. மீட்டரைக் கீழே வைக்கக் கை வரவில்லை. மழை நின்றிருந்தது. எப்போது நின்றது? கூரையிலிருந்து சொட்டும் சத்தம்கூட இல்லை. முப்பத்தாறு. மேசை விளக்கு மங்கியது. முப்பத்தொன்பது.

நாற்பது.

ஷட்டரை யாரோ மூன்று முறை தட்டினார்கள். அவள்தான் அப்படித் தட்டுவாள், சின்ன வயதிலிருந்தே.

"வந்துட்டா பாருங்க," மனைவி உள்ளேயிருந்து சொன்னாள். "வண்டிச் சத்தமே கேக்கல. அசையாம நிக்கிறீங்களே, ஷட்டரைத் தூக்குங்க. பிள்ளை நனைஞ்சு வந்திருப்பா."

போன் அடித்தது. தெரியாத எண். அடித்து ஓய்ந்தது. மறுபடி அதே எண்.

பாதி இறக்கியிருந்த ஷட்டருக்கு அடியில் இரண்டு பாதங்கள். ஒன்றில் செருப்பு இல்லை. கண்ணாடித் தூள் மினுமினுத்தது. அவள் குனிந்தாள். மெதுவாக, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துக் குனிந்து உள்ளே வந்து, அவர் எதிரே மேசை ஓரத்தில் நின்றாள். விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் குறுக்காக ஓடிய பச்சைக் கோடு மட்டும் ஒளிர்ந்தது.

"அப்பா," என்றாள். குரலில் கோபமே இல்லை. "இதையும் துடைச்சு விட்டுடுங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய வலது கை, அவர் சொல்லாமலேயே, மேசையைத் தடவி ஸ்பிரிட் பாட்டிலைக் கண்டுபிடித்து, குச்சியில் பஞ்சைச் சுற்றத் தொடங்கியது.