பொய்க்கு ஒரு மணி

“அந்த மணியோட கம்பியை நானே அறுத்துட்டேன் அக்கா. அது எப்படி அடிக்கும்?”

“அடிச்சுதே, லமார். இப்பதான்.”

“கேட்டா உங்களுக்கு சீஃபஸ் அண்ணன் ஞாபகம் வருமேன்னுதான் அறுத்தேன். நீங்க என்னடான்னா இல்லாத மணியைக் கேக்கறீங்க. ராத்திரி தூங்கினீங்களா?”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லமாரிடமிருந்து திரும்பி, வெர்னெல் மைக்கை மறுபடி வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். சவானா நகரத்து ஓக் மரங்களிலிருந்து தொங்கிய சாம்பல் பாசி பேருந்தின் கூரையை உரசிக்கொண்டு போக, பின்னால் சுற்றுலாப் பயணிகள் கண்ணாடியில் நெற்றியை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இது பழைய நகரப் பேருந்து. இறங்க வேண்டியவர்கள் அழுத்துகிற மணி இன்னும் இருந்தது. அவள் கணவன் சீஃபஸ் இதை ஓட்டிய காலத்தில், தன் இருக்கைக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு விசையை வைத்துக்கொண்டான். வெர்னெல் ஊரின் பழைய கதைகளைச் சொல்லும்போது கொஞ்சம் கை கால் முளைக்க வைத்தால் போதும், டிங். பொய் என்று அர்த்தம். “வெர்னி, அந்த ஆளுக்குப் போன வாரம் ஒரு பொண்டாட்டிதானே?” என்பான். பேருந்தே சிரிக்கும்.

வசந்த காலத்தில் ஒரு நாள், சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தபோது அவள் வேண்டுமென்றே ஒரு பெரிய பொய்யைச் சொன்னாள். மணி அடிக்கவில்லை. அவன் இறந்துவிட்டான் என்று அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. சவப்பெட்டியை இறக்கியபோதும் இல்லை. எல்லாச் சத்தமும் பக்கத்து வீட்டில் கேட்பது போலிருந்தது. ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர் வந்தால் போதும் என்று நினைத்துத்தான் இன்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவன் இறந்த அதே பேருந்துக்கு.

பேருந்து மட்டும் அதே மாதிரி இல்லை. உள்ளே கூரை முழுவதும் வெளிர்நீலம். சன்னல் சட்டங்கள், கதவு நிலை, படிக்கட்டு, எல்லாம்.

“யாரு பூசினது?” என்று காலையிலேயே கேட்டிருந்தாள்.

“முதலாளிதான். அண்ணனைப் புதைச்ச மறுநாளே. டூரிஸ்டுகளுக்குப் பிடிக்குமாம், பேயை விரட்டற நீலம்னு.”

“அது வராந்தாக் கூரையில பூசறதுடா. பேய் தண்ணியைத் தாண்டாது; நீலத்தைத் தண்ணின்னு நினைச்சு, வெளிய இருக்கறது உள்ள வராது. உள்ளயே பூசினா, உள்ள இருக்கறது எப்படி வெளிய போகும்?”

“ஒஹையோவிலேர்ந்து வந்த முதலாளிக்கு நம்ம ஊர் வழக்கமெல்லாம் என்ன தெரியும்? விடுங்கக்கா.”

சிரித்துவிட்டு, பிறகு லமார் சிரிப்பை நிறுத்தினான். கதவு நிலையில் நீளநீளமாகக் கீறல்கள் இருந்தன. “யாரோ பயணியோட பெட்டி உரசியிருக்கும்” என்றான்.

ஆற்றங்கரை மதுக்கடைக்கு முன்னால் கடற்கொள்ளையர் கதையைச் சொன்னாள். கடத்தப்பட்ட மாலுமிகள் ஏழு பேர் என்று ஆரம்பித்து எழுபது பேர் என்று முடித்தாள்.

டிங்.

யாரோ சிரித்தார்கள். லமாரின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. அவன் கழுத்து வியர்த்திருந்தது.

மதியம், இறால் போட்ட சோளக் கஞ்சியைச் சாப்பிட்டுவிட்டு முதலில் ஏறிய ஒரு வயதான அம்மாள் அவள் கையைப் பிடித்தாள். “நீங்க நல்லா இருக்கீங்களா? முகம் வெளுத்திருக்கே.”

“நல்லா இருக்கேம்மா.”

டிங்.

அதற்குப் பிறகு அவள் உண்மையை மட்டுமே சொன்னாள். கல்லறைத் தோட்டத்தில் பெயர்களையும் வருடங்களையும் மட்டும் வாசித்தாள். மணி அடிக்கவில்லை. கதை சப்பென்று இருக்கிறதே என்று பயணிகள் கொட்டாவி விட்டார்கள். ஆனால் ஒரு வாசனை வந்தது. சீஃபஸ் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் அவித்த வேர்க்கடலையின் ஈர உப்பு வாசனை. அதற்கு அடியில், கடல் உள்வாங்கிய நேரத்துச் சதுப்புச் சேற்றின் நாற்றமும் மெல்ல மெல்ல இருக்கைகளுக்குக் கீழே பரவிக்கொண்டிருந்தது. கடலை வாசனை முன்னாலிருந்து வந்தது. சேறு, கடைசி வரிசையிலிருந்து.

சாயங்காலம் பேருந்து நிறுத்துமிடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். லமார் வண்டியை அணைத்துவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்து, கழுவுவதற்குக் குழாய் எடுத்து வரப் போனான். அவள் காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கினாள். சரிந்த வெயில் சன்னல் வழியாக வந்து நீலக் கூரையில் நெளிந்தது. ஆற்றின் அடியில் நின்று மேலே பார்ப்பது போலிருந்தது.

படியில் நீலத் தூள் சிதறிக் கிடந்தது. காலையில் இல்லை. கதவு நிலையில் கீறல்கள் கூடியிருந்தன. எல்லாம் உள்பக்கத்திலிருந்து.

“சீஃபஸ்?”

அணைந்திருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

“வெர்னி.”

அவன் குரல். அந்த லேசான மூச்சிரைப்பு கூட.

“எவ்வளவு நேரமா உக்காந்திருக்கேன் தெரியுமா? கால் மரத்துப் போச்சு. இந்த நீலத்தைத் தாண்ட முடியல.”

அவள் நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. அத்தனை மாதத்தில் முதல்முறை. கண் சுட்டது. ஒரு சொட்டு.

“நீதானா?”

“நான்தான். வேற யாரு?”

டிங்.

அவள் திரும்பினாள். ஓட்டுநர் இருக்கை காலி. பக்கத்திலிருந்த விசை அழுந்தியிருந்தது. மெல்ல மேலெழுந்தது.

“வீட்டுக்குப் போலாம் வெர்னி. உன் கையால தக்காளி போட்ட சிவப்புச் சோறு சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு.”

டிங். டிங்.

கடலை வாசனை முகத்துக்கு மிக அருகில் வந்தது. யாரோ குறுக்கே நிற்பது போல.

“அழாதடி. உனக்காகத்தான் காத்திருந்தேன்.”

டிங். டிங். டிங்.

மணிக்கு அர்த்தம் பொய் என்று அவளுக்குத் தெரியும். அதை அழுத்துவது யார் என்றும் தெரியும். ஆனாலும் அந்தக் குரல். இன்னொரு தடவை. கன்னம் நனைந்திருந்தது. கையில் லமாரின் சாவி. நகத்துக்குள் நீலம். எப்போது சுரண்ட ஆரம்பித்தாள்? நிலையின் பாதி வெறும் இரும்பாகியிருந்தது.

மணி நிற்கவில்லை.

கடைசி வரிசையில் அது எழுந்தது. அதன் தலை கூரையில் இடித்தது. கழுத்தை மடக்கிக்கொண்டது. சீஃபஸ் அவள் தோள் உயரம்தான்.

“நிறுத்தாத வெர்னி” என்றது, சீஃபஸின் குரலில், மிகவும் பிரியமாக. “அந்த மூலையில கொஞ்சம் நீலம் பாக்கி இருக்கு. அதையும் எடுத்து விடேன்.”