சத்தம் போடாத சில்லு

பின்னால் வந்த சைக்கிளில் ஒரு சத்தம் குறைந்தது.

அது என்ன சத்தம் என்று துர்க்காவுக்கு உடனே பிடிபடவில்லை. டயருக்கு அடியில் கிறவல் கற்கள் நறநறவென்று அரைபடுவது கேட்டது, காய்ந்த மேப்பிள் இலைகள் நொறுங்குவது கேட்டது, பாதைக்குக் குறுக்கே கிடந்த ஈரக் கிளையில் சில்லு ஏறி இறங்குவதுகூடக் கேட்டது. தம்பி கீதன் கொஞ்சம் பின்னால் வந்துகொண்டிருந்தான், அதில் சந்தேகம் இல்லை. பிறகு பாதை ஆற்றை நோக்கிச் சரிந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். அவளுடைய பின்சில்லு டிக்டிக்கென்று ஓடியது. அவனுடையது சத்தம் போடவில்லை.

கீதனின் சில்லு ஊரைக் கூட்டுகிற சில்லு. மிதிப்பதை நிறுத்தினால் போதும், சில்வண்டுக் கூட்டத்தை அவிழ்த்துவிட்ட மாதிரிக் கத்தும். அவர்கள் குடியிருக்கும் மல்வேர்னில் அவன் வீட்டுக்குத் திரும்புவது அந்த வரிசையில் உள்ள அத்தனை வீட்டுக்கும் தெரியும். இறக்கத்தில் அது பேசாமல் வரவேண்டுமென்றால் அவன் விடாமல் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். இறக்கத்தில் எவன் மிதிப்பான்?

"கீதன், வாறியே?"

"ஓம் அக்கா."

குரல் அவனுடையதுதான். அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது.

பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. போன கோடையில் மார்க்கம் றோட்டில் ஒரு கார் கீதனைத் தூக்கி எறிந்தது. இடது காலுக்குள் தகடு வைத்தார்கள். இன்றைக்கும் நொண்டித்தான் நடக்கிறான். சைக்கிள் என்ற சொல்லே இனி வீட்டில் கேட்கக்கூடாது என்று அம்மா யோகராணி சொல்லிவிட்டாள். இடையில் புகுந்தது துர்க்காதான். நகரத்துக்கு வடக்கே, பழைய ரயில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டுக் கிறவல் போட்ட பாதை ஒன்று காட்டுக்குள்ளால் போகிறது, அதில் காரே வராது என்று சொல்லிச் சொல்லி அம்மாவைக் கரைத்தாள்.

"கூட்டிக்கொண்டு போன மாதிரியே கொண்டுவந்து விடுவன் அம்மா."

"அப்ப அவனை முன்னுக்கு விடு. நீ பின்னால போ. உன்ர கண்ணில அவன் பட்டுக்கொண்டே இருக்கவேணும்," என்றாள் அம்மா.

பழைய ஊர் வரைக்கும் அப்படித்தான் போனார்கள். அது காட்டுக்கு நடுவே ஒரு புல்வெளி. ஐந்நூறு வருடத்துக்கு முன், நல்லூரில் அரசர்கள் இருந்த காலத்தில், இங்கே வெண்டாட் என்ற பூர்வகுடி மக்களின் நீள வீடுகள் இருந்தன என்று ஒரு பலகை சொன்னது. வீடு எதுவும் மிஞ்சவில்லை. சுவர்கள் நின்ற இடங்களில் அடையாளத்துக்குக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். நல்ல வெயில். அடுப்பு எரிந்த இடம், பிள்ளைகள் படுத்த இடம் என்று பலகையைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் சுற்றினார்கள். பயப்பட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

புல்வெளியின் மற்றப் பக்கத்தில், வாகனத் தரிப்பிடத்துக்குத் திரும்பும் பாதை தொடங்கும் இடத்தில்தான் அந்த வெள்ளைச் சைக்கிள் நின்றது. சைக்கிள் ஓடிச் செத்தவர்களுக்காக அந்த இடத்தில் ஒரு சைக்கிளை முழுக்க வெள்ளை அடித்து நிறுத்திவைப்பது இந்த நகரத்து வழக்கம். சந்திகளில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இதில் சீற், சில்லு, செயின் எல்லாம் வெள்ளை. செயின் கண்ணிகள் பெயின்ரில் ஒட்டி இறுகிப்போயிருந்தன. பிளாஸ்ரிக் பூக்களுக்கு நடுவே ஒரு படம்; மழை முகத்தை முழுதாகக் கழுவிவிட்டிருந்தது. கார் வராத பாதையில் இந்த மனிதர் எப்படிச் செத்தார் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

பாவம் என்று இருந்தது அவளுக்கு. சீற்றில் கை வைத்து, ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது சொல்வது போல, வாய் தன்பாட்டுக்குச் சொன்னது:

"அப்ப, போட்டு வாறம்."

கீதன் சிரித்தான். "அக்கா, சீரியஸா? செத்த வீட்டில அப்பிடிச் சொல்லக்கூடாதெல்லோ. ஃபியூனரல் ஹோமில நான் சொல்லப்போய் அம்மா என்ர கையில கிள்ளினவ."

கனடாவில் பிறந்தவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா? செத்த வீட்டில் வரும்போதும் வாங்கோ சொல்ல மாட்டார்கள், போகும்போதும் வாறன் சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போக வேண்டும். அவள் நாக்கைக் கடித்தாள். கீதன் சிரித்துக்கொண்டே போனை எடுத்தான்.

"நீ போ அக்கா. ஒரு ஃபோட்டோ எடுத்துப்போட்டுப் பிடிக்கிறன்."

அவளும் போனாள். அம்மா சொன்னதை மறந்துதான் போனாள். சிறிது தூரத்தில் யாரோ கூப்பிடுவது போல ஒரு சத்தம் கேட்டது. தெற்கே போகும் வாத்துகள் என்று நினைத்தாள். அதற்குப் பிறகுதான் பின்னால் கிறவல் நெரிபடத் தொடங்கியது.

இப்போது வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அவள் வேகமாக மிதித்தாள், பின்சத்தமும் வேகமானது. மெதுவாக மிதித்தாள், அதுவும் மெதுவானது. கிட்ட வரவும் இல்லை, தள்ளிப் போகவும் இல்லை. திரும்பிப் பார்த்தாள். தலையைக் குனிந்தபடி வந்துகொண்டிருந்தான். ஹெல்மெற் இருந்தது. செம்மஞ்சள் ஜாக்கெற் வெளிறித் தெரிந்தது. வெளிச்சம் போகும் நேரம், நிறம் தெரியாது என்று தனக்குத் தானே சொன்னாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

"கால் நோகுதோ?"

"ஓம் அக்கா."

"நிண்டு போவமே?"

"ஓம் அக்கா."

அவள் பிறேக் பிடித்தாள். பின்னால் கிறவலும் நின்றது. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை. மேட்டில் ஏறினாலே கீதனுக்கு இளைக்கும்.

"கால் நோகேல்லைத்தானே?"

"ஓம் அக்கா."

அதே குரல். அதே இழுப்பு. முதலில் சொன்னதையே எடுத்து மறுபடி வைத்தது போல.

 ஈர இலையும் ஆற்றுச் சேறும் மணத்த காற்றில் இப்போது இன்னொரு மணம் இருந்தது. பெயின்ர் மணம். போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. மிதித்தாள். கிறவல். இலை. கிறவல். கடைசி இறக்கம். அவளுடைய சில்லு மட்டும் டிக்டிக்கென்றது. கேட்டாள். காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். கத்து, தயவுசெய்து ஒருதரம் கத்து.

இல்லை.

வாகனத் தரிப்பிடத்தில் அவர்களுடைய வானைத் தவிர வேறு எதுவும் இல்லை. தன் சைக்கிளை வானின் பின்னால் இருந்த றாக்கில் ஏற்றினாள். நிமிர்ந்தபோது மற்றப் பக்கத்தில் அவனுடையது ஏற்கெனவே ஏறியிருந்தது. அதை அவள் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாள். அவன் வானுக்குள் பின்சீற்றில் இருந்தான்.

"முன்னுக்கு வா கீதன்."

"ஓம் அக்கா."

வரவில்லை.

வானின் திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்தபடி அவள் வெளியே நின்றாள். இது தம்பி இல்லையென்றால் தம்பி அந்தக் காட்டுக்குள் இருக்கிறான். அவள் தனியாக இந்த இருட்டுக்குள் திரும்பிப் போக வேண்டும். இது தம்பிதான் என்றால் பயத்தில் கண்டபடி நினைக்கிற பைத்தியக்காரி அவள். காலில் தகடு வைத்த பிள்ளையை நடுக்காட்டில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் என்ன சொல்வாள்? அவள் இரண்டாவதை நம்பினாள். அது சுலபமாக இருந்தது. அதற்காகத் தன்மேல் அவளுக்கே வெறுப்பு வந்தது, ஆனாலும் வானில் ஏறினாள்.

வீடு வரைக்கும் கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் திறந்தும் பெயின்ர் மணம் போகவில்லை. ஒலியை நிறுத்தி வைத்திருந்த போன் மடியில் கிடந்து ஒருதரம் அதிர்ந்தது; ஹைவேயில் ஸ்ரியறிங்கிலிருந்து கையை எடுக்கத் துணிவில்லை.

அம்மா சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, வாசல் விளக்கைப் போட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். வான் நின்றதும் பின்கதவு திறந்தது. அவன் இறங்கி நடந்தான். நேராக. இடது காலை நன்றாக ஊன்றி.

"கடவுளே!" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "துர்க்கா, பாரடி! பிள்ளை நொண்டாமல் நடக்கிறான்! வா மோனை. வா, உள்ள வா."

"ஓம் அம்மா."

"அம்மா, நில்லுங்கோ..." வானுக்குள்ளிருந்து துர்க்கா சொன்னது அம்மாவுக்குக் கேட்கவில்லை. அவன் படியைத் தாண்டினான். கதவு மூடியது. உள்ளே பூட்டு விழும் சத்தம் கேட்டது.

மடியிலிருந்து வழுகி வானின் தரையில் விழுந்திருந்த போன் மறுபடி அதிர்ந்தது. திரையில் பெயர்: கீதன்.

"அக்கா?" குளிரில் பற்கள் அடித்தன. அழுதிருந்தான். "எங்க போனனீ? என்ர செயின் அறுந்திட்டுது. கத்தினன், நீ திரும்பேல்லை. ஒருமாதிரி மேட்டில ஏறித்தான் சிக்னல் கிடைச்சது. ஐ காண்ட் சீ எனிதிங், அக்கா. கால் ஏலாது."

"இந்தா வாறன் தம்பி. அங்கேயே நில்லு. நான்—"

"அக்கா, அந்த வெள்ளைச் சைக்கிள்... அதைக் காணேல்லை."

அவள் வானின் பின்பக்கம் போனாள். வாசல் விளக்கில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளைச் சீற். வெள்ளைச் சில்லு. பெயின்ரில் ஒட்டி இறுகிய செயின். டயரில் புதுச் சேறு.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. குசினி ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே சோற்றுக் கோப்பையில் ஆவி பறந்தது. மேசையில் அது ஹெல்மெற்றைக் கழற்றாமல், ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தது. எதிரே அம்மா. சந்தோசத்தில் கண் கலங்கி, இரண்டு கைகளாலும் அதன் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கண்ணைத் துடைக்க அம்மா கைகளை எடுத்தாள். இரண்டு உள்ளங்கைகளும் வெள்ளை வெளேரென்றிருந்தன.