சகாயமேரிக்குக் கொடுத்த உரிமை

உச்சி வெயிலில், கணினி வேலை பார்க்கும் சித்தார்த்தன் மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்க அலுவலகத்துக்கு வந்து இறங்கினான். பாத்திகளில் குவித்திருந்த உப்பு கண்ணைக் கூச வைத்தது. இறந்துபோன ஊழியர் ஒருவரின் லாகினை டேட்டாபேஸிலிருந்து நீக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை. திரும்பும் வழியில் மீன்குழம்புச் சாப்பாடு என்று வயிறு அதற்குள் திட்டம் போட்டிருந்தது.

"வாங்க சார்," என்றார் செயலாளர் அமுதவல்லி. "மேரி போயி நாப்பது நாளாச்சு. வேலையில்லாத மழைக்காலத்துக்குக் குடுக்கற அரிசிப் பட்டியல்ல நாப்பத்தோரு பேரை அழிச்சிட்டாள்னு வேலைய விட்டு எடுத்தோம். நா அழிக்கலன்னு கடைசிவரைக்கும் சொன்னா. யாரு நம்புனா?"

சித்தார்த்தன் நம்பினான். அழித்தவன் அவன்தானே.

பட்டியலைப் பார்க்க மட்டும் சகாயமேரிக்கு அனுமதி போதும். பிரித்துக் கொடுக்கச் சோம்பல்பட்டு, மற்றவர்களுக்கு உரிமை வழங்குவது உட்பட எல்லா உரிமையையும் ஒரே வரியில் கொடுத்திருந்தான். பிறகு சோதனைக்கென்று அவள் லாகினிலேயே நுழைந்து, சோதனைப் பட்டியலுக்குப் பதில் தவறுதலாக அசல் பட்டியலில் இருந்த பேர்களைத் துடைத்துவிட்டான். கணினிக்கு ஆள் தெரியாது; அவள் பேரைத்தான் எழுதிவைத்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். அவ்வளவு பெரிய வீரன்.

நீக்கும் கட்டளையைத் தட்டினான்.

'இயலாது. இந்தப் பயனர் இப்போது இணைப்பில் இருக்கிறார்.'

எந்தக் கணினியிலிருந்து என்று பார்த்தான். மூலை மேசை. மேரியின் இடம்.

அந்தக் கணினியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலேயே வைத்திருந்தார்கள்.

இணைப்பைத் துண்டித்தான். திரும்ப வந்தது.

மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. ஈர உப்பின் வாடை மட்டும் வந்தது.

டக்.

மூலையில் ஒரு விசை அமுங்கியது.

டக். டக்.

அவன் திரையில் பேர்கள் முளைத்தன. அஞ்சம்மாள். வேலம்மாள். சுப்ராயன். அவன் அழித்த அதே வரிசை. நாற்பத்தொன்றாவது பேரோடு நின்றது.

யாரோ காத்திருப்பதுபோல் இருந்தது.

"அக்கா..." அமுதவல்லியின் பக்கம் திரும்பினான். "அழிச்சது நான்தான்க்கா. மேரி இல்ல."

அமுதவல்லி அவனையே பார்த்தார்.

"செத்தவகிட்ட சொல்ல வேண்டியத எங்கிட்ட சொல்றியே, ஏம்பா." 'சார்' உதிர்ந்துபோயிருந்தது. "அவ புருஷன் ஆரோக்கியராஜ கூப்புடறேன். அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"சொல்றேன்க்கா."

கட்டளையை மறுபடி தட்டினான். இம்முறை பேர் நீங்கியது. மூலை அடங்கியது.

சரிபார்க்க உரிமைப் பட்டியலைத் திறந்தான்.

சித்தார்த்தன்: பார்க்க மட்டும்.

வழங்கியவர்: சகாயமேரி.

நேரம், அவள் பேர் நீங்கி ஒரு நிமிஷம் கழித்து.