நாணல் நாட்டை ஆளப்போவது யார்?

நாணல் நாட்டின் அரியணையில் கடைசியில் யார் உட்காரப் போகிறார்கள்?

ஐந்து மாதங்களாக எங்கள் பள்ளி வேனில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. வேன் கீழ்க்கட்டளையில் கிளம்பித் தாம்பரம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகப் பாதிச் சாலையைத் தகரம் அடித்து மறைத்திருக்கிறார்கள். மற்ற வேன்களில் பிள்ளைகள் அங்கே கொட்டாவி விடுவார்கள். நாங்கள் மட்டும் பச்சை விளக்கு வரவே கூடாது என்று வேண்டிக்கொள்வோம்.

காரணம், ஜெரூஷா அக்கா. எட்டாம் வகுப்பு. பேசச் சொன்னால் இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. ஆனால் லாங் சைஸ் நோட்டைத் திறந்து, தானே எழுதிய நாணல் நாட்டுக் கதையைப் படிக்க ஆரம்பித்தால் வேனே கப்சிப் ஆகிவிடும்.

நாணல் நாடு, சதுப்பு நிலத்துக்கு நடுவே இருக்கும் ஒரு தீவு. ராஜா இறந்துவிட்டார். அரியணைக்கு ஏகப்பட்ட போட்டி. வெள்ளைக் குதிரையில் வரும் இளவரசன் மின்னல்வேந்தன். குறி தப்பாமல் அம்பு விடும் அவன் அக்கா செங்கயல். தளபதி இடிமுழக்கன். மூக்கு வழியாகப் புகை விடும் மந்திரவாதி புகைச்சித்தன்.

ஒன்பதாம் வகுப்பு தினகரன் அண்ணா, செங்கயல் கட்சி. மூன்றாம் வகுப்பு மெர்வின், புகைச்சித்தன் கட்சி. வேன் ஓட்டும் குமரவேல் அண்ணாவுக்கு இடிமுழக்கன்தான். "இன்னா மீசை! அந்த மீசைக்கே ஒரு நாட்ட குடுக்கலாம்" என்பார்.

நான் ஓவியா. ஆறாம் வகுப்பு. நான் எந்தக் கட்சி என்று மட்டும் கேட்காதீர்கள். நான் யார் பக்கம் சேர்ந்தாலும் அவர் அடுத்த அத்தியாயத்தில் செத்துப்போவார். முதலில் கிழட்டு மந்திரியைச் சொன்னேன், முதலை விழுங்கிவிட்டது. அடுத்து ராஜாவின் தம்பி, சேற்றில் புதைந்துபோனார். மூன்றாவதாக ஒரு பேசும் கொக்கு. அதைப் பற்றி வேண்டாம்.

"ஓவியா, உன் கால்ல விழறேன். செங்கயல் பேர மட்டும் சொல்லிடாத" என்று தினகரன் அண்ணா கையெடுத்துக் கும்பிடுவான். வேனே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரே ஒரு தடவையாவது நான் சொன்னது பலிக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கும்.

கடைசி அத்தியாயம் வெள்ளிக்கிழமை என்று ஜெரூஷா அக்கா அறிவித்தாள். அதற்கு முன், புதன்கிழமை சாயங்காலம் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டில் பெயர் எழுதி, அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் போட்டுவிட வேண்டும். சரியாகச் சொல்பவருக்கு வேனில் ஒரு மாதம் முன் சீட்.

புதன்கிழமை எங்கள் வகுப்புக்குக் கடைசி பீரியட் பி.டி. அதனால் நான்தான் முதலில் வேனுக்கு வந்தேன். குமரவேல் அண்ணா டீ குடிக்கப் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜெரூஷா அக்கா வந்து பையை சீட்டில் வைத்தாள்.

"ஐயோ, வாட்டர் பாட்டில கிளாஸ்லயே விட்டுட்டேன். பைய பாத்துக்கோ ஓவியா" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பார்த்துக்கொள்ளத்தான் சொன்னாள். நான் திறந்தே பார்த்துவிட்டேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அவசரமாக. இரண்டாவது தடவை நம்ப முடியாமல். மூன்றாவது தடவை படிக்கும்போது எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை உள்ளே வைத்தேன். என் சீட்டில் 'நீலி' என்று எழுதி நான்காக மடித்தேன்.

நீலி யார் என்று வேனில் கேட்டிருந்தால் பாதிப் பேருக்கு நினைவே வந்திருக்காது. ஏரி மதகைத் திறந்து மூடுகிற வேலைக்காரி அவள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரே ஒரு வரிதான் வருவாள். 'அன்றும் நீலி மதகை மூடிவிட்டு வீட்டுக்குப் போனாள்.' அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலையில் ஜெரூஷா அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சீட்டுகளை வீட்டில் பிரித்துப் பார்த்திருக்கிறாள்.

"நீ நீலின்னு எழுதியிருக்க" என்று மெதுவாகச் சொன்னாள். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் அவள் என்னை அவ்வளவு ஆச்சரியமாகப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததே இல்லை.

"இதுக்கு என்னக்கா பெரிய மூளை வேணும்? முதல் அத்தியாயத்துலயே தெரிஞ்சிடுச்சு. ரொம்ப ஈஸி. சின்னப் பசங்களே சொல்லிடுவாங்க" என்றேன்.

"அப்படியா?" என்றாள். அந்த ஆச்சரியம் முகத்திலிருந்து போய்விட்டது. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தூக்கம் வருகிறது போல என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடவாக்கத்தில் வண்டி நின்றது. ஜெரூஷா அக்கா நோட்டைத் திறந்தாள்.

பெருமழை பெய்கிறது. வெள்ளம் வருகிறது. மதகில் நின்ற நீலியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அப்போது வானத்திலிருந்து ஒரு கழுகு இறங்குகிறது. அதன் முதுகில் மின்னல்வேந்தனின் தொலைந்துபோன இரட்டைத் தம்பி! எல்லோரும் அவனுக்கு முடிசூட்டுகிறார்கள். முற்றும்.

நான் படித்த பக்கம் இது இல்லை.

"யாரு இரட்டைத் தம்பி? இவ்ளோ நாளா எங்க இருந்தான்?" என்று தினகரன் அண்ணா கத்தினான்.

குமரவேல் அண்ணா வண்டியை ஓரம் கட்டியேவிட்டார். "இன்னாம்மா இது? அஞ்சு மாசமா நம்மகூட வராதவன் லாஸ்ட் ஸ்டாப்பிங்ல ஏறி, சீட்டு குடுன்றான்! பேஜாரா கீதே!"

"நீலி அக்கா ஏன் செத்தாங்க? அவங்க பாவம், யாரையும் ஒண்ணும் பண்ணலயே" என்று மெர்வின் அழுதான்.

ஜெரூஷா அக்காவின் உதடு துடித்தது. "யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதான் மாத்தினேன். பழைய முடிவு ரொம்ப ஈஸியாம். கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றாள். நோட்டை மூடினாள். "எனக்கு எழுத வரல. இனிமே கதை கிடையாது."

ஈஸி என்று சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலாம்.

அன்று முழுக்க எனக்குப் பாடமே ஏறவில்லை. மதியம் எலுமிச்சை சாதத்தை அப்படியே வைத்துவிட்டேன். வெள்ளத்தில் நீலியைத் தள்ளியது நான்தான். எனக்கு ஒரு தடவை பலிக்க வேண்டும் என்பதற்காக, ஐந்து மாதம் யோசித்து எழுதியதை ஒரே நாளில் கிழிக்க வைத்திருக்கிறேன். நினைக்க நினைக்கக் காதெல்லாம் சுட்டது. டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் குழாயடியில் போய் முகத்தைக் கழுவினேன். வெட்கம் கழுவினால் போகிறதா?

ஜெரூஷா அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடலாமா? அது சுலபம். ஆனால் வேனில் எல்லோரும் அவளுக்குக் கதையை முடிக்கத் தெரியவில்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பார்கள்? நான் நல்ல பிள்ளையாகவே இருப்பேன். அது இரண்டாவது திருட்டு.

சாயங்காலம் வேன் கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது நான் எழுந்து நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"கொக்குக்கு அஞ்சலியா?" என்றான் தினகரன் அண்ணா. எல்லோரும் சிரித்தார்கள்.

"புதன்கிழமை ஜெரூஷா அக்கா பையத் திறந்து கடைசிப் பக்கத்தப் படிச்சிட்டேன். பாத்துட்டுதான் சீட்டு எழுதினேன். அக்கா கேட்டப்ப, ஈஸியா கண்டுபிடிச்சேன்னு பொய் சொன்னேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. நானும் கண்டுபிடிக்கல."

சிரிப்பு நின்றது. குமரவேல் அண்ணா பாட்டை நிறுத்தினார்.

"திருட்டுப் பொண்ணு!" என்றான் தினகரன் அண்ணா. இந்தத் தடவை கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் உட்காரவில்லை.

"அக்கா கிழிச்சதுதான் நிஜமான முடிவு. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் வேணா சொல்..."

"நீ சொல்லாத!"

ஜெரூஷா அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அவள் முகம் சிவந்திருந்தது.

"அது என் கதை. நான்தான் சொல்லுவேன்" என்றாள்.

நோட்டு இல்லாமலே சொன்னாள். முதலில் குரல் நடுங்கியது. அப்புறம் சரியாகிவிட்டது. வெள்ளம் வந்ததும் அரியணைக்குச் சண்டை போட்டவர்கள் எல்லோரும் ஒரே படகில் ஏறி மேட்டுக்கு ஓடுகிறார்கள். படகிலும் கிரீடத்தைப் பிடித்து இழுத்துச் சண்டை. அது தண்ணீரில் விழுந்துவிடுகிறது. நீலி மட்டும் மூன்று நாள் மதகிலேயே நிற்கிறாள். ஒரேயடியாகத் திறந்தால் கீழே இருக்கும் குடிசைகள் மூழ்கிவிடும் என்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விடுகிறாள். நான்காம் நாள், கூரை மேலிருந்தும் மரத்திலிருந்தும் ஜனங்கள் இறங்கி வருகிறார்கள். மதகின் அடியில் நாணலில் சிக்கிக் கிடக்கிறது கிரீடம். அதை எடுத்து அவள் தலையில் வைக்கிறார்கள்.

"அப்புறம்?" என்றான் மெர்வின்.

"'கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒரு முழம் தண்ணி வடியணும்' என்று சொல்லிவிட்டு, நீலி மதகுச் சக்கரத்தைத் திருப்பினாள். முற்றும்."

பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. பச்சை விளக்கு எப்போதோ வந்துவிட்டது. குமரவேல் அண்ணா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"மீசைகாரன் ஓடிட்டான் பாரு. அந்தப் பொண்ணு நின்னுகினு கீது" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கும்போது ஜெரூஷா அக்கா என்னைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை நான் வேனில் ஏறியதும் தினகரன் அண்ணா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்து மெர்வினும் தன் குட்டிப் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அதில் என்ன இருக்கப் போகிறது, ஒரு ரப்பரும் பாதி பிஸ்கட்டும்! ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி சீட்டில் தனியாக உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். செய்ததற்கு இது சரிதான் என்று தோன்றியது. சரிதான் என்பதால் வலிக்காமல் இருக்கவில்லை.

புதன்கிழமை மேடவாக்கத்தில் வண்டி நின்றபோது யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஜெரூஷா அக்கா.

ஜன்னல் வழியே தகரத் தடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு உன் மேல இன்னும் கோவம்தான்" என்றாள்.

"தெரியும்க்கா. சாரிக்கா."

"ஒண்ணு கேக்கணும். அந்தப் பக்கத்தப் படிச்சப்ப... அழுதியா?"

"அழுதேன்."

சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "எந்த இடத்துல?"

"கிரீடத்தத் தலைல வெச்சதும், ஏதோ இலை விழுந்துடுச்சுன்னு நெனச்சு, திரும்பிக்கூடப் பாக்காம நீலி கையால தட்டிவிடுவாளே, அங்க."

ஜெரூஷா அக்கா என்னையே பார்த்தாள்.

"அத நான் வேன்ல சொல்லவே இல்லயே!"

"இல்லக்கா. கிழிச்ச பக்கத்துல இருந்துச்சு."

"ஆமால்ல! நேத்துலேர்ந்து திரும்ப எழுதறேன். எதோ ஒண்ணு குறையுதுன்னு தெரியுது. என்னன்னு மட்டும் பிடிபடல. அந்த இலைய நானே மறந்துட்டேன்."

அவசரமாக நோட்டை எடுத்து மடியில் பிரித்தாள். கொஞ்சம் தயங்கினாள். பிறகு, எனக்கும் தெரிகிற மாதிரி என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டு பென்சிலைப் பிடித்தாள்.

"மெதுவா சொல்லு" என்றாள். "ஒரு வார்த்தகூட விட்டுடாத."