மாவு மூட்டையும் மகாராணி கிரீடமும்

மதியம் 1.05.

மாடியிலிருந்து வந்த அலறலில், கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் கரண்டி பாதி வழியில் நின்றது. ஒரே ஒருத்திக்கு மட்டும் நிற்கவில்லை. மூலை மேஜையில் இருந்த சார்ஜென்ட் குளோட்டில்டு டாரன்ஸ்பர்க், கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த கம்போவை வழித்து வாயில் போட்டுக்கொண்ட பிறகுதான் தலையை நிமிர்த்தினாள்.

அவளைக் குற்றம் சொல்லாதீர்கள். அது ஒடலீ மெட்வாயே வைத்த கம்போ, அதுவும் முந்தின நாள் வைத்தது. ஒரு ராத்திரி ஊறின கம்போவின் அருமை தெரியாதவன் நியூ ஆர்லின்ஸில் குடியிருக்கவே லாயக்கில்லை. கரும்பழுப்புக் குழம்பில் நண்டும் இறாலும் காரத் தொத்திறைச்சியும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் கிடந்தன. "கடைசிக் கிண்ணம் சார்ஜென்ட், காலையிலேயே சட்டியைக் கழுவியாச்சு. உங்களுக்கு யோகம்தான்" என்று சொல்லித்தான் பரிமாறினார்கள். லீவு நாளில் அவள் ஃபோர்ட்டியே உணவகத்துக்கு வருவதே இதற்காகத்தான்.

"கிரீடத்தைக் காணோம்! ஐயோ, கிரீடத்தைக் காணோம்!"

படிக்கட்டில் இறங்கி ஓடி வந்தவள் மிஸஸ் லியோன்டீன் வில்ட்ஸ், கார்னிவல் கிளப்பின் தலைவி. கிளப் தேர்ந்தெடுத்த மகாராணிக்கு அன்று விருந்து. விருந்து முடிந்ததும் சூட்டுவதற்காகக் கல் பதித்த கிரீடத்தை மாடி அறையில் ஒரு வெல்வெட் பெட்டியில் வைத்திருந்தார்கள். பூட்டவில்லை. கிளப்காரர்களில் பாதிப் பேரும் சமையல் ஆட்கள் அத்தனை பேரும் பின்முற்றத்தில், அண்டாவில் வெந்த, குட்டிச் சிங்கி இறால் மாதிரியான கிராஃபிஷைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒடலீ ஒருத்திதான் சமையலறையில்.

குளோட்டில்டு அடையாள அட்டையைக் காட்டினாள். "கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பன்னிரண்டரைக்கு. பெட்டி அப்படியே இருக்கு, உள்ள இருந்தது போச்சு!"

அதற்குள் ஆர்மான் முன்னால் வந்துவிட்டான். முதலாளி நூமா ஃபோர்ட்டியேயின் தங்கை மகன். மூன்று வருஷமாக முன்பக்கத்து மேஜைகளையும் வாடிக்கையாளர்களையும் கவனிப்பவன். சட்டை மடிப்பு கலையாத ஆள். சமையலறைக்குள் ஆர்டர் கத்துவதற்குத் தவிர எட்டிப் பார்க்க மாட்டான்.

"மாமா, வேலை பார்க்கறவங்க பையெல்லாம் பார்த்துடலாம். இங்கேயே, எல்லாருக்கும் முன்னாடியே. நாளைக்கு யாரும் ஒண்ணும் சொல்லக்கூடாது பாருங்க."

வயதான நூமாவுக்கு அன்று புத்தி எங்கே போனதோ, சரி என்று தலையாட்டிவிட்டார்.

மதியம் 1.20. கூடத்துக்கு வரவழைத்த ஒடலீயின் துணிப்பையைக் கவிழ்த்ததும், கரித்துணியில் சுற்றிய கிரீடம் மேஜையில் உருண்டது.

சாப்பாட்டுக் கூடமே "அட!" என்றது.

அந்தச் சத்தத்தில் இருந்த சங்கதி உள்ளூர்க்காரர்களுக்குத்தான் புரியும். நூமாவுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அந்த அடுப்படியைக் கட்டிக்காத்த ஒடலீக்கே கடையை எழுதி வைக்கப்போகிறார் என்பது ஊரறிந்த செய்தி. அடுத்த வாரம் பத்திரம். இப்போது அவளுக்குக் கடையா, கம்பியா என்று ஆகிவிட்டது.

"ஒடலீ... நீயா?" என்றார் நூமா.

அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "நீங்களே கேக்கறீங்களா, மிஸ்டர் நூமா?"

"ரோந்து வண்டியைக் கூப்பிடுங்க!" என்றாள் மிஸஸ் வில்ட்ஸ்.

"வண்டி வரட்டும். அதுக்குள்ள நான் ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்" என்றாள் குளோட்டில்டு. "ஆர்மான், நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

ஆர்மான் பெருமூச்சு விட்டான். "சொல்ல மனசு வரல. ஆனா கேட்டதால சொல்றேன். பன்னிரண்டு நாற்பதுக்குச் சமையலறைக்குப் போனேன். ஆளே இல்ல."

"யாருமே?"

"ஒரு ஈ காக்கா இல்ல. ஒடலீகிட்ட சாயங்கால மெனு கேக்கணும், அதனால அங்கேயே நின்னேன். பத்து நிமிஷம் கழிச்சு மாடிப் படியிலேர்ந்து இறங்கி வந்தா. கையைப் பின்னாடி மறைச்சிருந்தா."

"அந்தப் பத்து நிமிஷத்துல வேற யாராவது வந்தாங்களா?"

"நான் மட்டும்தான். சத்தியம்."

"அடுப்புல என்ன இருந்தது?"

"பெரிய இரும்புச் சட்டி. உள்ள பழுப்பா, சாக்லெட் மாதிரி ஏதோ கொதிச்சிட்டிருந்தது."

"தீ எரிஞ்சிட்டிருந்ததா?"

"நல்லாவே. திறந்து போட்டுட்டுப் போயிட்டா, அவ்வளவு அலட்சியம்!"

"நீங்க கிளறினீங்களா?"

ஆர்மான் சிரித்தே விட்டான். "நானா? அது என் வேலையா? தொடவே இல்ல."

குளோட்டில்டு நன்றி சொன்னாள். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னாள். பிறகு ஒடலீ பக்கம் திரும்பினாள்.

"பன்னிரண்டு மணிக்கு மேல எங்க இருந்தீங்க?"

"அடுப்புக்கு முன்னாடி. வேற எங்க?"

"அதுக்கு முன்னாடி?"

"சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். நேத்து ராத்திரியே மாவு தீர்ந்து போச்சு. காலையில மழைத் தண்ணி தெருவுல நின்னு மாவு வண்டி வரல. பன்னிரண்டு அடிக்கறப்பதான் மூட்டை வந்து இறங்குச்சு. மிஸ்டர் நூமாதான் வாங்கி உள்ள போட்டார். அப்புறம்தான் சாயங்காலக் கம்போவுக்கு மாவை எண்ணெயில வறுத்து ரூ கிளற ஆரம்பிச்சேன்."

நூமா ஆமென்று தலையசைத்தார்.

"யாராவது உள்ள வந்தாங்களா?"

"காலடிச் சத்தம் கேட்டுது. யாருன்னு பார்க்கல."

"பை எங்க மாட்டியிருந்தது?"

"கதவுக்குப் பின்னாடி. என் முதுகுப் பக்கம்."

"திரும்பிப் பார்க்கலாமே?"

"ரூ அடுப்புல இருக்கறப்ப திரும்பறதா!" ஒடலீக்குத் திருடி என்று சொன்னபோது வராத கோபம் இப்போது வந்தது. "யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க!"

மிஸஸ் வில்ட்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளும் கம்போ வைக்கிற இந்த ஊர்க்காரிதானே.

"எல்லாரும் சமையலறைக்கு வாங்க" என்றாள் குளோட்டில்டு.

உள்ளே போனதுமே வாசனை ஆளைத் தூக்கியது. வெங்காயமும் செலரியும் குடைமிளகாயும் வதங்கி, நண்டுச்சாறு சேர்ந்து, சட்டி மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. குளோட்டில்டு குப்பைத் தொட்டியைக் கிளறினாள். வெங்காயத் தோல், நண்டு ஓடு. கழுவுதொட்டி காய்ந்து கிடந்தது. பிறகு கரண்டியை முக்கி எடுத்து வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. வாயில் விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார்ஜென்ட், என்ன தெரியுது?" என்றார் நூமா.

"இருங்க, கொஞ்சம் அனுபவிச்சுக்கறேன்." இன்னொரு கரண்டி உள்ளே போனது. "அடேயப்பா! ஒடலீ, சின்னச் சட்டியில கொஞ்சம் ரூ வைங்க. எவ்வளவு நேரமானாலும் சரி, நாங்க நிக்கறோம்."

ஒடலீ எண்ணெயில் மாவைப் போட்டாள். கிளற ஆரம்பித்தாள். அந்தக் கை ஓடுகிற அழகை என்னவென்று சொல்வது! மூலை முடுக்கெல்லாம் வழித்து, அடியைத் தடவி, ஒரே சீராக. மாவு வெளுப்பிலிருந்து பொன்னாகி, கடலை நிறமாகி, செப்பு நிறமாகி, கடைசியில் சாக்லெட் நிறத்துக்கு வந்தது.

"ஆர்மான், நீங்க பார்த்தது இந்த நிறமா?"

"இதேதான்."

"தீ இதே அளவா?"

"ஆமா."

"ஒடலீ, கையை எடுங்க. நகர்ந்து நில்லுங்க."

"ஐயோ மேடம், மனசு வரலையே! பாழாப் போயிடும்."

"போகட்டும், விடுங்க."

சட்டியின் நடுவில் ஒரு குமிழி வந்தது. ஓரம் கறுத்தது. சுருசுருவென்று புகை கிளம்பியது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கருகின நாற்றம் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குப் போக, அங்கிருந்தவர்களும் இருமினார்கள். ஒடலீ தாங்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்டியில் தார்தான் மிச்சம்.

குளோட்டில்டு தீயை அணைத்தாள்.

"பத்து நிமிஷம்னு சொன்னீங்க, ஆர்மான். எரியற அடுப்புல, ஆளில்லாம, யாரும் தொடாம. அப்படி விட்டிருந்தா இந்தப் பெரிய சட்டி முழுக்கக் கசந்து வழிஞ்சிருக்கும். ரூ கருகினா என்ன ஊத்தினாலும் மறைக்க முடியாது. கொட்டிட்டு வேற வெச்சிருந்தா குப்பையில கரி இருக்கணும், கழுவுதொட்டி நனைஞ்சிருக்கணும், கூடமே நாறியிருக்கணும். நான் அங்கதானே உட்கார்ந்திருந்தேன்? முந்தியே செஞ்சு வெச்சதுன்னு சொல்ல கடையில மாவே இல்ல. மூட்டையே பன்னிரண்டுக்குத்தான் வந்தது. அப்படின்னா பன்னிரண்டு நாற்பதுக்கு இந்த அம்மா எங்க இருந்தாங்க? இங்கதான். கரண்டியும் கையுமா."

குளோட்டில்டு ஆர்மான் பக்கம் ஒரு அடி வைத்தாள்.

"நிறத்தைச் சரியாச் சொன்னீங்களே, அது எப்படி? உள்ள வந்து, எட்டிப் பார்த்திருக்கீங்க. அவங்க திரும்ப மாட்டாங்கன்னு தெரியும். ஏன் திரும்ப மாட்டாங்கன்னுதான் மூணு வருஷத்துல தெரிஞ்சுக்கல. அந்த நேரத்துல உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தான்னு நீங்களே சத்தியம் பண்ணினீங்க. கதவுக்குப் பின்னாடி பை. கையில கிரீடம். போட்டுட்டுப் போயிட்டீங்க, கண்ணு."

ஆர்மானின் முகம் வெளுத்தது. மாமாவைப் பார்த்தான்.

"எனக்கு வரவேண்டிய கடை, மாமா! ரத்த சொந்தம் நான் இருக்கேன், சமையல்காரிக்குக் குடுக்கறீங்களே! அவளைத் துரத்தினா போதும்னு நினைச்சேன். கிரீடம் எனக்கெதுக்கு?"

வெளியே ரோந்து வண்டி வந்து நின்றது. குளோட்டில்டு அவன் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

நூமா ஒடலீயின் முன்னால் வந்து நின்றார். "என்னை மன்னிச்சிடும்மா. அடுத்த வாரம் பத்திரம், அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"முதல்ல வெளிய வாங்க, மிஸ்டர் நூமா. எல்லாருக்கும் முன்னாடிதானே என் பையைக் கவிழ்த்தீங்க?"

அவருக்குப் புரிந்தது. கூடத்துக்குப் போனார். நடு இடத்தில் நின்று, ஒடலீ மெட்வாயே திருடவில்லை, திருடியது என் தங்கை மகன், அவளைச் சந்தேகப்பட்டது நான் என்று உரக்கச் சொன்னார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மிஸஸ் வில்ட்ஸ் அழுதுகொண்டே வந்து ஒடலீயைக் கட்டிக்கொண்டாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஒடலீ சொன்னாள்: "கடையை எடுத்துக்கறேன். ஆனா வாசல் பலகையில ஃபோர்ட்டியேன்னு இருக்காது. ஒடலீன்னு இருக்கும்."

நூமாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது எங்க தாத்தா வெச்ச பேரும்மா."

"தெரியும். இருபத்திரண்டு வருஷமா உங்க பேரை நான் காப்பாத்தினேன். இன்னிக்கு ஒரு மணி நேரம், என் பேரை உங்களால காப்பாத்த முடியல."

நூமா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு, சரி என்று தலையாட்டினார்.